எரிப்பது எது? எஞ்சின் பிரிப்பும் காரணம் பற்றிய கஸ்ஸாலியின் கேள்வியும்

ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதைக் கண்டதும், முன்னதுதான் பின்னதை உண்டாக்கியது என்று கூறிவிடலாமா என்னும் கேள்வி இஸ்லாமிய இறையியலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருவது. அக்கேள்வி மதரஸாவின் பாடநூல்களோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டு முற்றத்தில் பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்து, அதன் இழுவை ஏன் குறைந்தது, புகை ஏன் வந்தது என்று ஆராய்பவரும், அறிந்தோ அறியாமலோ, அதே கேள்விக்குள்ளேயே நிற்கிறார். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களில், அக்கேள்விக்கு மரபு தந்த விடையும் எஞ்சினைத் தாமே பிரித்துப் பார்க்கும் பழக்கமும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருப்பது அரிதன்று.

இவ்வூர்களின் முஸ்லிம்கள் சட்டத்தில் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபையும் கொள்கையில் மரபாக அஷ்அரி நெறியையும் பின்பற்றி வந்தவர்கள். மத்ஹப் என்பது மார்க்கச் சட்டத்தை விளக்கும் ஒரு மரபு; அஷ்அரி நெறி என்பது 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபுல் ஹஸன் அல்-அஷ்அரியின் பெயரால் வழங்கும் இறையியல் மரபு. உலகில் நிகழும் ஒவ்வொன்றையும் அந்தந்தக் கணத்தில் படைப்பவன் இறைவன் ஒருவனே என்பதும், படைக்கப்பட்ட பொருள் எதற்கும் தன்னியல்பான ஆற்றல் கிடையாது என்பதும் அந்நெறியின் அடிப்படை. மறுபுறத்தில், இலங்கையில் பழைய கார்கள் நெடுங்காலம் ஓடுவதற்குப் பொருளாதாரமே முதற்காரணம் ஆகும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்ட வாகன இறக்குமதியும், உள்ள வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையைப் பலருக்கு ஏற்படுத்தின. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்ட மொரிஸ் மைனர் போன்ற கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படுவதற்கும், கராஜுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எஞ்சினை வீட்டிலேயே இறக்குவோர் இருப்பதற்கும் இதுவே பின்னணி.

எஞ்சினைப் பிரிப்பதில் நிகழும் அறிதல் எத்தகையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட பெற்றோல் எஞ்சின் ஒன்று இழுவையின்றி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், திருத்துபவர் சாவியை எடுத்தவுடனேயே ஹெட்டைக் கழற்றத் தொடங்குவதில்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கிறார். மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தலை அண்மித்துக் காட்ட, ஒன்று மட்டும் 90இல் நின்றுவிடுமானால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மீண்டும் சோதிக்கிறார். ஒயில் பிஸ்டன் ரிங்குகளைச் சுற்றிப் படிந்து இடைவெளியை அடைப்பதால் அழுத்தம் கூடினால் தேய்ந்தவை ரிங்குகள் என்றும், கூடாவிட்டால் காற்று வால்வு வழியாகவோ கேஸ்கட் வழியாகவோ கசிகிறது என்றும் முடிவு செய்கிறார். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருமித்து அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே கேஸ்கட் எரிந்துபோயிருக்கிறது என்பது அவருடைய முதல் ஊகமாக இருக்கும். இந்த முடிவுகளில் எதிலும் அவர் ‘ஆற்றல்’ என்னும் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஒன்றை மாற்றியபோது மற்றொன்று மாறியதையும், ஒன்றை மாற்றியபோது மற்றொன்று மாறாதிருந்ததையும் மட்டுமே கண்டிருக்கிறார்.

ஈரானின் தூஸ் நகரில் 1058இல் பிறந்து 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இந்த இடத்தில்தான் தம் வாதத்தைத் தொடங்குகிறார். மெய்யியலாளர்களின் கருத்துகளை 20 பிரச்சினைகளாகப் பகுத்து மறுப்பதற்காக அவர் 1095இல் எழுதி முடித்த ‘தஹாபுத் அல்-பலாஸிபா’ என்னும் நூலின் 17ஆம் பிரச்சினை, நெருப்பும் பஞ்சும் பற்றியது. நெருப்பு பஞ்சைத் தொடும்போது பஞ்சு எரிவதைக் கண் காண்கிறது. ஆனால் எரிதல் நெருப்போடு சேர்ந்து நிகழ்ந்தது என்பதற்குத்தான் கண் சாட்சியாகிறதேயன்றி, நெருப்பினால் நிகழ்ந்தது என்பதற்கு அது சாட்சியாவதில்லை என்பது அவருடைய வாதம். இரண்டும் சேர்ந்து வருவது, இறைவன் அவற்றை அவ்வாறு அடுத்தடுத்துப் படைத்து வரும் வழமையினால் ஆகும். இவ்வழமையை அரபியில் ‘ஆதத்’ என்பர். ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இதே அவதானத்திலிருந்து இறைவனைக் குறிப்பிடாத வேறொரு முடிவுக்குச் சென்றார் என்பது, அந்த அவதானம் எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டும். கஸ்ஸாலியின் பஞ்சுக்குப் பதிலாகச் சிலிண்டருக்குள் இருக்கும் பெற்றோல் ஆவியையும், நெருப்புக்குப் பதிலாகப் பிளக்கின் பொறியையும் வைத்துப் பார்த்தால் வாதம் மாறாமல் நிற்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 6000 முறை பொறி விழுகிறது, 6000 முறை கலவை பற்றிக்கொள்கிறது. எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும், ‘சேர்ந்து’ என்பதிலிருந்து ‘அதனால்’ என்பதற்கு வெறும் எண்ணிக்கை வழி திறந்துவிடுவதில்லை.

இவ்வாதத்துக்கு எழக்கூடிய ஆட்சேபத்தை கஸ்ஸாலியே எடுத்துரைக்கிறார். பொருள்களுக்கு நிலையான இயல்பு இல்லையென்றால், வீட்டில் வைத்துவிட்டு வந்த நூல் இந்நேரம் ஒரு சிறுவனாக மாறியிருக்கக்கூடும் என்று அஞ்ச வேண்டாமா என்பது அந்த ஆட்சேபம். அவ்வாறு மாறுவது இறைவனுக்கு இயலாதது அன்று. ஆனால் அது நிகழவில்லை என்னும் அறிவையும் அவனே வழமையின் வழியாக மனிதனிடத்தில் படைத்திருக்கிறான் என்று அவர் விடையளிக்கிறார். எனவே, கழற்றிய வால்வுகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி இரவு மூடிவைத்தவர், காலையில் அவை பேரீச்சங்கொட்டைகளாகி இருக்குமோ என்று எண்ணித் தூக்கம் கெட வேண்டியதில்லை. அத்துடன் கஸ்ஸாலி அதே இடத்தில் இரண்டாவதாக ஒரு விடையும் வைத்திருக்கிறார். நெருப்பு எரிக்கும் இயல்புடையது என்றே ஏற்றுக்கொண்டாலும், இப்ராஹீம் நபி நெருப்பில் எரியாதிருந்தது போன்ற நிகழ்வுகள் இயலாதவை ஆகிவிடுவதில்லை என்றும், உடலில் டால்க் என்னும் கனிமத்தைப் பூசிக்கொண்டவர் எரியும் அடுப்பில் அமர்ந்தும் சுடப்படாதிருப்பதைப் போல, அறியப்படாத ஒரு தன்மை இடையே சேரக்கூடும் என்றும் அவர் கூறுகிறார். நெருப்பைத் தாங்கும் கனிமங்களை மனிதர் பயன்படுத்தி வந்ததை அறிந்தே அவர் இவ்வுதாரணத்தைத் தெரிவு செய்திருக்கலாம். பழைய கார்களின் ஹெட் கேஸ்கட்டும் செப்புத் தகடுகளுக்கிடையே அஸ்பெஸ்டஸ் என்னும் கனிம நாரை வைத்துச் செய்யப்பட்டதே. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடானதால், ஒட்டிய பழைய கேஸ்கட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துச் சுரண்ட வேண்டும் என்பதும் வழமையை அறிந்ததால் வந்த அறிவே ஆகும்.

ஸ்பெயினின் குர்துபா நகரத்தவரான இப்னு ருஷ்து, கஸ்ஸாலிக்கு 1180ஐ அண்மித்து எழுதிய மறுப்பு நூலில், காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்ற நிலையை எடுத்தார். ஒரு பொருளை இன்னதென்று அறிவது அது என்ன செய்யும் என்று அறிவதே என்பதும், செயல்களுக்கும் பொருள்களுக்கும் உள்ள பிணைப்பை நீக்கினால் பெயர்களும் வரையறைகளும் பொருளற்றுப் போகும் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். வால்வு என்பது திறந்து மூடும் ஒன்று, ரிங் என்பது அழுத்தத்தைக் காக்கும் ஒன்று என்பதை எடுத்துவிட்டால், சாக்கில் பரப்பி வைத்திருப்பவை வெறும் இரும்புத் துண்டுகளாகிவிடும் என்று எஞ்சினை முன்வைத்து அவ்வாதத்தை விளக்கலாம். 1328இல் திமிஷ்கில் மறைந்த இப்னு தைமிய்யாவும் வேறொரு வழியில் அஷ்அரிகளை மறுத்தார்: எல்லாவற்றையும் படைப்பவன் இறைவனே, ஆயினும் நெருப்பில் எரிக்கும் தன்மையை அவனே வைத்து, அதன் வழியாகவே எரிதலைப் படைக்கிறான் என்பது அவர் நிலை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்குக் கரையில் வேரூன்றிய தௌஹீத் இயக்கங்கள் இப்னு தைமிய்யாவைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகக் கொள்வதாலும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேற்றும் மரபினர் பழைய நெறியிலேயே நிற்பதாலும், பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த இந்தக் கருத்து வேறுபாட்டின் இரு தரப்பும் இன்று ஒரே தெருவில் வாழ்கின்றன எனலாம்.

இவர்களுள் யார் கூறுவது சரி என்பதை எஞ்சினே தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பது பிழை. ஆனால் வாதத்தைக் கூர்மையாக்க அது உதவும். பழைய காபரேட்டர் கார்களில் சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், பொறிக்குரிய மின்சாரம் அறவே நின்றுவிட்ட நிலையில், எஞ்சின் இருமியும் குலுங்கியும் சில சுற்றுகள் தொடர்ந்து ஓடுவதுண்டு. பெற்றோலை எரிப்பது பொறி என்று அதுவரை கூறிவந்தவர் இப்போது திகைக்க நேர்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், எரிப்பறையின் கூரையிலும் பிஸ்டனின் தலையிலும் கரி தடித்துப் படிந்திருப்பது தெரியும்; சூடேறிச் சிவந்த அந்தக் கரியே பொறியின் இடத்தில் நின்றிருக்கிறது. வயல்களில் உழும் லாண்ட்மாஸ்டர் என்னும் உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இப்னு ருஷ்தின் பக்கம் நிற்பவர், பொறி, கரி, அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான வெப்பம் என்னும் ஆழ்ந்த காரணத்தை அறிவு கண்டடைந்துவிட்டது பாருங்கள் என்பார். கஸ்ஸாலியின் பக்கம் நிற்பவர், ‘இதுதான் எரிப்பது’ என்று உறுதியாகச் சொல்லப்பட்ட ஒன்று இல்லாமலேயே எரிதல் நிகழ்ந்ததைப் பாருங்கள், வெப்பம் என்பதும் இதுவரை கண்ட சேர்க்கைகளுள் மிக விரிந்தது என்பதற்கு மேல் ஏதும் அன்று என்பார். இருவரும் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும், கரியைச் சுரண்டியே ஆக வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. இருவரின் கருத்து வேறுபாடு பிரிக்கும் வேலையில் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாதென்றால், அது எங்கேதான் பயன்படுகிறது என்பதே அடுத்து எழும் கேள்வி.

அஷ்அரி நெறி மனிதரைச் சோம்பலாக்கும், எல்லாம் இறை நாட்டம் என்று கைகட்டி இருக்கச் செய்யும் என்னும் குற்றச்சாட்டு பழையது. அதற்கு கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் தவக்குல் பற்றிய பகுதி தெளிவான விடை தருகிறது. தவக்குல் என்பது காரியத்தை இறைவனிடம் ஒப்படைத்து அவனைச் சார்ந்திருத்தல். அங்கே அவர் காரணங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்: வழமையால் உறுதிப்பட்டவை, பெரும்பாலும் பயன் தருபவை, வெறும் கற்பனையில் நிற்பவை. உணவு முன்னே இருக்கக் கையை நீட்டாமல் காத்திருப்பவர் தவக்குல் உடையவர் அல்லர், அறிவு பிறழ்ந்தவர் என்று முதல் தரத்தைப் பற்றி அவர் கூறுகிறார். இரண்டாம் தரத்தைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரண் அன்று. மூன்றாம் தரத்தைத் துரத்துவதே தவக்குலைக் கெடுப்பது. எஞ்சினைப் பிரிப்பவருக்கு இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. ஒயில் இன்றி ஓட்டினால் பெயாரிங் உருகும் என்பது முதல் தரம். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒயில் ஊற்றி ரிங்கைச் சந்தேகிப்பது இரண்டாம் தரம். ‘இதைத் தொட்டியில் ஊற்றினால் தேய்ந்த எஞ்சின் புதிதாகிவிடும்’ என்று விற்கப்படும் திரவத்தை நம்புவது பெரும்பாலும் மூன்றாம் தரம். காரணங்களுக்குத் தன்னாற்றல் இல்லை என்று கூறும் ஒருவர்தான் அவற்றை இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரித்திருக்கிறார் என்பது கவனத்துக்குரியது.

இந்நெறி காரணங்களைக் கைவிடவில்லை என்பதற்குச் சட்டம் இன்னும் வலுவான சான்று. கஸ்ஸாலி இறையியலாளர் மட்டுமல்லர், ஷாபிஈ மத்ஹபின் முன்னணிச் சட்ட அறிஞரும் ஆவார். சட்டத்தின் அடிப்படைகள் பற்றி அவர் 1109இல் முடித்த ‘அல்-முஸ்தஸ்பா’வில், காரணம் என்பது எதனிடத்தில் ஒன்று நிகழ்கிறதோ அது, எதனால் நிகழ்கிறதோ அது அன்று என்று விளக்கி, கிணற்றுக் கயிற்றை உதாரணமாக வைக்கிறார்: நீர் மேலே வருவது இறைப்பதால், கயிற்றால் அன்று, எனினும் கயிறின்றி நீர் வராது. சட்ட அறிஞர்கள் கிணற்றைக் கொண்டே வேறொரு வேறுபாட்டையும் விளக்குவர். பொது வழியில் கிணறு வெட்டியவர் ஒருவர், அதனுள் மற்றவரைத் தள்ளியவர் இன்னொருவர் என்றால், பொறுப்பு நேரடியாகச் செய்தவராகிய தள்ளியவரையே சாரும். ஹெட்டின் நட்டுகளை உரிய வரிசையில், உரிய இறுக்கத்துக்குப் பூட்டாதவர் ஒருவர், வெப்பமானியின் முள் சிவப்புக்குள் ஏறியதைக் கண்டும் நிறுத்தாமல் அக்கரைப்பற்று வரை ஓட்டியவர் இன்னொருவர் என்று வைத்தால், இப்பகுப்பு இன்றைய கராஜிலும் வழக்கைத் தீர்க்கும். கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரின் கை ‘அமானத்’தின் கை, அதாவது நம்பி ஒப்படைத்ததை வைத்திருக்கும் கை என்பதும், அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாதவரை அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து, மக்களின் பொருளைக் காக்கும் பொருட்டு அவரையும் பொறுப்பாளியாக்க வேண்டும் என்று வேறு அறிஞர்கள் கொண்டனர். எல்லாச் செயலையும் படைப்பவன் இறைவன், மனிதன் அதைத் தன் தெரிவினால் ஈட்டிக்கொள்கிறான் என்னும் ‘கஸ்ப்’ கொள்கை, இந்தப் பொறுப்பு மனிதரிடமே தங்குவதற்கான இறையியல் அடித்தளம் ஆகும்.

முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு செய்தி இங்கு பொருந்தும். சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. வினவியபோது மழை பெய்து நனைந்துவிட்டது என்று வணிகர் கூறினார். அப்படியானால் மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபிகள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். மழையை இறக்கியவன் இறைவன் என்பது பொய்யன்று. ஆனால் அந்த உண்மை, ஈரத்தை மறைத்தவரைக் காப்பாற்றவில்லை. தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயிலை ஊற்றிப் புகையை ஓரிரு நாள் அடக்கி, வாங்க வருபவரிடம் ஓட்டிக் காட்டி விற்பவரின் செயலும் இதே வகையானது. குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் வாங்கியவருக்கு வழங்குவதும் இதனாலேயே.

இவ்வளவும் அஷ்அரி நெறியின் ஒரு பக்கம்: கண்டதைப் புறக்கணிக்க அது இடம் தருவதில்லை. அதன் மறுபக்கம், காணாததைக் கண்டதாகச் சொல்லவும் இடம் தருவதில்லை என்பது; இதன் முழுக் கனமும் இக்கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கரையை அடைந்தன. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையான கடலோரக் குடியிருப்புகள் அழிந்தன. உப்பு நீரில் மூழ்கிய எஞ்சின்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை: கடல்நீர் சிலிண்டருக்குள் புகுந்து, உடனடியாக நன்னீரில் கழுவி ஒயில் பூசப்படாதவற்றில் ரிங்குகளும் பெயாரிங்குகளும் துருவேறி இறுகிப்போயின. ஆனால் அலை ஏன் வந்தது என்பதற்கு, இன்னாரின் இன்ன பாவத்துக்கான தண்டனை என்று விடை சொன்னவர்கள் எல்லாச் சமயத்தவரிடையேயும் இருந்தனர். அதை ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், உறுதி என்று பலர் கருதினர்.

கஸ்ஸாலியின் வாதத்தை அதன் முடிவு வரை கொண்டு சென்றால், இந்த விடைக்கு அது துணை நிற்காது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை மீண்டும் மீண்டும் காணப்படும் பொறியையும் தீயையும் பற்றியே ‘சேர்ந்து நிகழ்ந்தன’ என்பதற்கு மேல் கண்ணால் எதையும் சொல்ல முடியாது என்றால், ஒரே ஒரு முறை வந்த அலையையும் குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாரின் நடத்தையையும் பிணைத்து, இதனால்தான் இது என்று உரைப்பவர் எந்த வழமையைச் சான்றாகக் காட்டுவார்? வஹீ, அதாவது இறைத்தூதருக்கு அருளப்படும் அறிவிப்பு, முற்காலச் சமூகங்களைப் பற்றிச் சொன்னதை நம்புவது வேறு. வஹீ முற்றுப்பெற்ற பின் மருதமுனையின் இழப்புக்கு ஒருவர் தாமே காரணம் கற்பிப்பது வேறு. முன்னையது நம்பிக்கை, பின்னையது இஹ்யாவின் பகுப்பில் மூன்றாம் தரத்தைச் சேர்ந்த கற்பனை. பொறிக்கு ஆற்றலை மறுத்த கொள்கை, மனிதரின் வாய்க்கும் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது.

முன்னர் எழுந்த கேள்விக்கு இதுவே விடையாகலாம். ரிங்கை மாற்றுவதா, வால்வை அரைப்பதா என்னும் முடிவில் இறையியல் தலையிடுவதில்லை. அதை அழுத்தமானியும் ஒரு கரண்டி ஒயிலும் தீர்த்துவைக்கும். இறையியல் வேலை செய்வது, முடிவை எவ்வளவு உறுதியோடு சொல்வது, பிழை நேர்ந்தால் அதை யார் தலையில் வைப்பது என்னும் இரண்டு இடங்களில். ஹெட்டைக் கழற்றும் முன்பே ‘கேஸ்கட்தான்’ என்று அடித்துச் சொல்வதையும், தாம் இறுக்காமல் விட்ட நட்டுக்கு ‘நாட்டம்’ என்று பெயர் சூட்டுவதையும் அது ஒருங்கே தடுக்கிறது. இறை நாட்டம் என்னும் சொல்லுக்கு உரிய இடம், செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின்பு வருவது. எஞ்சினைப் பிரிப்பவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, நட்டுகளை உரிய இறுக்கத்துக்குப் பூட்டி, ஒயிலையும் நீரையும் நிரப்பி, சாவியைத் திருப்பும்போதுதான் இன்ஷா அல்லாஹ் என்பதற்கு முழுப் பொருள் உண்டாகிறது. அதுவரை அவர் கடமைப்பட்டிருப்பது, கண்டதைக் கண்டவாறே சொல்வதற்கும் கண்டதற்கேற்பச் செய்வதற்கும் மட்டுமே.